எல்லை மலைகளும் திராட்சைப் பந்தல்களும்: பாலக்காடு, இடுக்கி எல்லையில் சைக்கிள் பயணம்

நில அமைப்பு

பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை நீளும் தமிழ்நாடு, கேரள எல்லையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு நிலம் இரண்டு வகையாக அமைந்திருக்கிறது. வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் எனப்படும் இந்த இடைவெளியில் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றமே கிடையாது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலும், பாலக்காடு 100 மீட்டருக்கும் குறைவான உயரத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான ஐம்பது கிலோமீட்டரில் இந்த உயரம் கரைந்துபோவதால், சாலை சரிவதே காலுக்குத் தெரிவதில்லை.

தெற்கே நிலைமை நேர்மாறு. ஆனைமலை, ஏலமலைத் தொடர்களின் கிழக்கு விளிம்பு, தேனி மாவட்டத்துச் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுகிறது. ஆனைமலைத் தொடரிலுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. இந்த விளிம்பைத் தாண்டித் தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்குச் செல்ல மூன்று தார்ச்சாலைகளே உள்ளன: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. மலையேறும் இவ்வழிகளை மெட்டு என்பார்கள். வடக்கே உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்குப் போகும் சாலை நான்காவது. தேவாரத்திலிருந்து சாக்குலத்துமெட்டு வழியாக இன்னொரு சாலை வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை.

இந்த மலை இருபுறமும் ஒன்றுபோல் இல்லை. கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம், இருபது கிலோமீட்டருக்குள் ஏற்றம் முடிந்துவிடும். மேற்கே, உச்சியை அடைந்த பிறகும் சாலை இறங்குவதில்லை. ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் மேடுபள்ளமாகப் பரவிக் கிடக்கின்றன. கோட்டயம் பக்கமிருந்து வருபவர் அதே உயரத்தை நாள் முழுவதும் சிறுகச் சிறுக ஏறுகிறார். போடியிலிருந்து வருபவர் காலை வேளைக்குள் ஏறிவிடுகிறார். எந்தப் பக்கமிருந்து ஏறுவது என்று முடிவுசெய்யும்போது முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இந்த வேறுபாடுதான்.

மழையும் காற்றும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைப் பெரும்பாலும் மலையின் மேற்குப் பக்கமே கொட்டிவிடுகிறது. மூணாற்றில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, அதன் காலடியிலிருக்கும் தேனி மாவட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருவது. மூணாற்றுப் பக்கம் சாலையோரம் அருவி கொட்டும் ஜூலை மாதத்தில், கம்பத்தில் வெயில் காய்கிறது.

மழை நின்றாலும் காற்று நிற்பதில்லை. மலைத்தொடரில் இடைவெளி இருக்கும் இடங்களில் பருவக்காற்று குவிந்து வேகமெடுக்கிறது. பாலக்காட்டுக் கணவாய், கம்பம் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி ஆகிய நான்கும் தமிழ்நாட்டின் காற்றாலைகளுக்கு இடம் கொடுத்தது இதனால்தான். ஆண்டிபட்டி வட்டாரத்திலும், எல்லைக்கு மேலே இராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்கின்றன.

சைக்கிளுக்கு இந்தக் காற்று மலையைப் போலவே ஒரு தடை. காற்றின் எதிர்ப்பு விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், அதே வேகத்தில் வீசும் எதிர்காற்றில் அந்த வேகத்தைக் காத்துக்கொள்ள விரும்பினால் நான்கு மடங்கு எதிர்ப்பைத் தள்ள வேண்டும். ஜூலையில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கோ, தேனியிலிருந்து கம்பத்துக்கோ போவது சமதரையிலும் களைப்பூட்டுவதற்குக் காரணம் இது. டிசம்பர், ஜனவரியில் கணவாயில் காற்றின் திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். அப்போது பாலக்காடு நோக்கிச் செல்பவருக்கு அது துணைக்காற்று. ஆகவே கணவாயில் ஆடி மாதம் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும், மார்கழி மாதம் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கும் ஓட்டுவது புத்திசாலித்தனம்.

பள்ளத்தாக்கும் திராட்சையும்

குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து தேனி வரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் எல்லை. மழைமறைவில் இருக்கும் இந்த நிலத்துக்கு நீர் மலையைக் குடைந்து வந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தத்தின்படி பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. அரபிக்கடலுக்குப் போன ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியதால், பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலமானது. பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது.

ஆற்றையொட்டி நெல்லும் தென்னையும் வாழையும் இருக்க, சற்று மேடான நிலங்களில் திராட்சைப் பந்தல்கள் விரிகின்றன. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி, கூடலூர் ஆகிய ஊர்கள் பன்னீர் திராட்சைக்குப் பேர்போனவை. ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சை விளைகிறது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பன்னீர் திராட்சை என்பது உலகச் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் வகை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் பதிவு இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

திராட்சைக் காய்க்குப் பகை ஈரம். பூக்கும்போதும் பழுக்கும்போதும் மழை பிடித்தால் அடிச்சாம்பல் நோய் தாக்கும், பழம் வெடிக்கும். மலைக்கு மேற்கே இந்தக் கொடி பிழைக்காததும், கிழக்கே செழிப்பதும் மழைமறைவின் விளைவு. வறண்ட காற்று மேலே, பாசன நீர் கீழே. இரண்டையும் கொடுத்தது ஒரே மலை. சைக்கிள் ஓட்டுபவரை மூச்சுவாங்க வைக்கும் ஏற்றத்தையும் அவர் அடிவாரத்தில் வாங்கித் தின்னும் பழத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ஐரோப்பாவில் திராட்சைத் தோட்டங்களின் ஊடே சைக்கிள் ஓட்டுவது பழைய வழக்கம். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1953இல் வகுக்கப்பட்ட 170 கிலோமீட்டர் ஒயின் சாலை, வோஜ் மலையடிவாரத்து ஊர்களை இணைக்கிறது. டூர் டி பிரான்ஸ் போட்டியின் புகழ்பெற்ற ஏற்றங்களில் ஒன்றான 1,909 மீட்டர் உயர மோன் வாந்தூ, பெதுவான் என்ற ஊரின் திராட்சைத் தோட்டங்களிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே கொடிகள் சரிவில் வரிசையாக நிற்கும். சாலையிலிருந்தே தோட்டம் முழுவதும் தெரியும். கம்பத்தில் கொடி பந்தலில் படர்கிறது. கல் தூண்களை நட்டு, கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் அமைக்கும் பந்தல் இது. வெயில் கடுமையான நாட்டில் இலைகள் மேலே கூரையாக நின்று குலைகளுக்கு நிழல் தருகின்றன. அடியில் காற்றோட்டமும் இருக்கிறது. சாலையில் போகிறவர் பந்தலின் அடியைப் பார்க்கிறார்: தூண்கள், அரையிருள், தொங்கும் குலைகள். அதே தோட்டத்தின் மேற்பரப்பைப் பார்க்க மெட்டுச் சாலையில் நான்கைந்து வளைவு ஏற வேண்டும்.

இன்னொரு வேறுபாடு காலத்தில் இருக்கிறது. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். கம்பத்தில் கொடி உறங்குவதில்லை; கவாத்து செய்தால் துளிர்த்துப் பூத்து, ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுப்புக்கு வரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று அறுவடை எடுக்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் கவாத்து செய்யும் நாள் வேறு என்பதால், எந்த மாதத்தில் வந்தாலும் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

பாதைகள் வந்த வரலாறு

மெட்டுகள் யாவும் முதலில் நடைபாதைகள். பொதிமாடுகள் ஏலக்காயையும் அரிசியையும் சுமந்த வழிகள். பெரியாறு அணைப் பணி 1887இல் தொடங்கியபோது ஆட்களும் தளவாடங்களும் கூடலூர் வழியாக மலையேற, குமுளிப் பாதைக்கு முக்கியத்துவம் வந்தது. மூணாற்றுத் தேயிலைக்கு வேறு வழி பிறந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908இல் சிறு ரயில்பாதை போடப்பட்டது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. அது திரும்பக் கட்டப்படவில்லை. சாலைப் போக்குவரத்தே மிஞ்சியது.

அடிவாரத்துக்கு ரயில் வந்தது 1928இல். மதுரை, போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, 2023 ஜூன் 15 அன்று போடி வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் சென்னையிலிருந்தும் போடிக்கு வண்டி உண்டு. மலையேற்றத்தின் அடிவாரத்திலேயே ரயில் நிலையம் இருப்பது சைக்கிள் பயணிகளுக்குப் பெரிய வசதி.

இன்று போடிமெட்டுச் சாலை, கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85இன் பகுதி. குமுளிச் சாலை, கொல்லத்தையும் தேனியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 183இன் பகுதி. போடிமெட்டுக்கும் மூணாறுக்கும் இடைப்பட்ட 42 கிலோமீட்டர் அகலப்படுத்தப்பட்டு 2024 தொடக்கத்தில் திறந்துவைக்கப்பட்டது. பழைய படங்களில் ஒற்றைவழியாகத் தெரியும் பல இடங்கள் இன்று அகன்ற சாலைகள். வாகன வேகமும் அதற்கேற்பக் கூடியிருக்கிறது.

ஏற்றத்தின் கணக்கு

போடிமெட்டுச் சாலை முந்தல் சோதனைச் சாவடியில் மலையைத் தொட்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,400 மீட்டர் உயரத்தை அடைகிறது. ஏறும் உயரம் தோராயமாக ஆயிரம் மீட்டர். நூறு மீட்டர் தூரத்துக்கு ஐந்து மீட்டர் உயரம், அதாவது ஐந்து விழுக்காட்டுச் சரிவு. மோன் வாந்தூவின் சராசரி ஏழரை விழுக்காடு என்பதோடு ஒப்பிட்டால் போடிமெட்டு மிதமானது. ஆனால் நீளம் ஏறத்தாழ அதே அளவு.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் பத்துக் கிலோ எடையுள்ள சைக்கிளில் ஆயிரம் மீட்டர் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் ஏறத்தாழ 785 கிலோஜூல் வேலை செய்கிறார். இருபது கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் ஏறுவதாகக் கொண்டால் அது 110 வாட் திறன். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 125 வாட்டைத் தொடும். உடல் தான் எரிக்கும் உணவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது; மிச்சம் வெப்பமாகிறது. ஆகவே இந்த ஏற்றத்துக்குச் செலவாவது 900 கிலோகலோரி அளவு. காலை உணவைத் தவிர்த்துவிட்டு மெட்டு ஏறுவது கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். வெளியேற வேண்டிய வெப்பம் வியர்வையாகப் போவதால் தண்ணீரும் அதே அளவுக்கு முக்கியம்.

மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 167 மீட்டர். முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல்லும் பின்பக்கத்தில் 34 பல்லும் உள்ள கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி 2.1 மீட்டர் போகும். அப்படியானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 79 சுற்று. முழங்காலுக்கு உகந்த வேகம் இது. முன்னே 44, பின்னே 18 பல் உள்ள கியரில்லாத ஊர்ச் சைக்கிளில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 32 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதிக்கும் இரண்டரை மடங்கு அழுத்தம் வேண்டும். அடிவாரத்து ஊர்க்காரர்கள் மலைச்சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது பலவீனத்தால் வருவதில்லை. கியர் விகிதத்தால் வருவது. மெட்டு ஏற விரும்புபவர் விலையுயர்ந்த வண்டியைத் தேடுவதைவிட, பின்பக்கப் பல்சக்கரம் 32 பல்லுக்குக் குறையாத வண்டியைத் தேடுவது நல்லது.

கொண்டை ஊசி வளைவில் சரிவு எங்கும் ஒன்றாக இருக்காது. உட்புறம் குறுகலும் செங்குத்தும். வெளிப்புறம் அகலமும் தணிவும். இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுவதால், வலப்பக்கம் திரும்பும் வளைவில் சைக்கிளுக்குத் தணிந்த வெளிப்புறம் கிடைக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் செங்குத்தான உட்புறமே பாதை. அங்கே வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வழிகள்

முதல் வழி பள்ளத்தாக்கின் ஊர்ச் சாலை. கூடலூரிலிருந்து சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி என்று கிழக்கு மலையை ஒட்டிச் சென்று, சின்னமனூரில் நெடுஞ்சாலையைச் சேரலாம். சுருளி அருவியும் இராயப்பன்பட்டிக்கு அருகிலுள்ள சண்முகாநதி அணையும் வழியில் ஒதுங்கிப் பார்க்கத்தக்கவை. திராட்சைத் தோட்டங்களை அருகிருந்து பார்க்க இதற்கு இணையான சாலை இல்லை. ஏற்றம் குறைவு, கனரக வாகனம் குறைவு. புதிதாக ஓட்டுபவர் தொடங்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது குமுளி ஏற்றம். லோயர் கேம்ப்பில் தொடங்கி ஏழு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பெரியாறு மின்நிலையத்துக்கு நீர் இறக்கும் ராட்சதக் குழாய்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இரைச்சல் பாலத்தில் நீரின் முழக்கம் கேட்கும். நீளம் குறைவானாலும் மூன்று மெட்டுகளில் போக்குவரத்து நெரிசல் மிகுந்தது இதுதான்.

மூன்றாவது கம்பம்மெட்டு. கம்பம் நகரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சாலை குறுகல், வளைவு நெருக்கம். ஏறும் வழியில் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிவது இங்கேதான். உச்சியைத் தாண்டித் தூக்குப்பாலம் வழியாக இராமக்கல்மேட்டுக்குப் போனால், அதே பள்ளத்தாக்கைப் பாறை விளிம்பிலிருந்து பார்க்கலாம். அங்கே காற்று ஆளைத் தள்ளும்.

நான்காவது போடிமெட்டு. பாதி வழிக்கு மேல் புலியூத்து அருவி. உச்சியைத் தாண்டிப் பூப்பாறை. அங்கிருந்து வலப்பக்கம் ஆனையிறங்கல் அணை, தேவிகுளம், மூணாறு. இடப்பக்கம் சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம். இந்த இரண்டாவது கிளையைப் பிடித்துக் கம்பம்மெட்டு வழியாக இறங்கினால் தேனி, போடி, பூப்பாறை, நெடுங்கண்டம், கம்பம், தேனி என்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சுற்று அமையும். சமவெளி, மலையேற்றம், ஏலக்காடு, இறக்கம், திராட்சைத் தோட்டம் ஆகிய ஐந்தும் ஒரே சுற்றில் வருவது தென்னிந்தியாவில் அரிது.

ஐந்தாவது மேகமலை. சின்னமனூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயரை நெடுஞ்சாலைத் துறை சூட்டியிருக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை என்பதால், காலை 6 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அனுமதி இல்லை.

பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 கனரக வாகனங்களுக்கானது, சைக்கிளுக்கு ஏற்றதல்ல. பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம், முதலமடை, கொல்லங்கோடு, நெம்மாறை என்று போகும் சாலையே உகந்தது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் பனைமரங்களும் வயலும் மாறிமாறி வர, இடப்பக்கம் நெல்லியாம்பதி மலை துணைக்கு வருகிறது. போத்துண்டி அணைவரை சமதரை. அதற்கு மேல் நெல்லியாம்பதி ஏற்றம். திராட்சை இங்கே இல்லை. ஆனால் கணவாயின் கிழக்கு வாயிலுள்ள தொண்டாமுத்தூர், மாதம்பட்டிப் பகுதியில் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள் உண்டு.

இறக்கம்

ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது திரும்ப வருகிறது. அது காற்றிலும் பிரேக்கிலும்தான் கழிய வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுவதே முறை. இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது சூட்டைப் பகிர்ந்துகொடுக்கும். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண்ணும் சருகும் வளைவின் உட்புறமே தேங்கும். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் ஆறேழு டிகிரி வெப்ப வேறுபாடு இருப்பதால், வியர்வையோடு இறங்குபவருக்குக் குளிர் பிடிக்கும். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலுடை ஒன்று அவசியம்.

காலமும் நேரமும்

மூன்று மெட்டுச் சாலைகளும் ஏறும் சரிவுகள் கிழக்கு நோக்கியவை. காலை வெயில் நேரே மலைமுகத்தில் அடிக்கும். பிற்பகலில் மலையின் நிழல் சாலையில் விழும். நிழலை நம்பி மாலையில் ஏறினால் உச்சியில் மூடுபனியும் இருட்டும் காத்திருக்கும். விடியும்போதே ஏறத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பாதி மலையைக் கடப்பது நல்லது.

ஆண்டில் ஜனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலம் மிக ஏற்றது. அதற்குப் பிறகு காடு காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் கூடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ மலையேற்றக் குழுவினர் 23 பேரின் உயிரைப் பறித்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை உச்சியில் மழை, பள்ளத்தாக்கில் பெருங்காற்று. தேவிகுளம் பக்கத்து மலைச்சாலையில் மண்சரிவு அடிக்கடி நேர்வது. கார்த்திகை முதல் தை தொடக்கம் வரை சபரிமலைக் காலம். அப்போது ஐயப்ப பக்தர்களின் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவது வழக்கம். அந்த இரண்டு மாதமும் அந்த இரு சாலைகளையும் தவிர்ப்பது நலம். சித்ரா பௌர்ணமி அன்று, கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் திறக்கப்படுவதால், குமுளிச் சாலை நிரம்பிவிடும்.

சாலையைப் பகிர்வோர்

1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. ஆனால் தோட்டங்களுக்கு இன்றும் தமிழ்நாட்டிலிருந்து வேலையாட்கள் வருகிறார்கள். போடி, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்புகள் மெட்டு ஏறும், மாலையில் இறங்கும். போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நறுமணப்பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடப்பதால் சரக்கு வண்டிகளும் இரு திசையிலும் ஓடுகின்றன. நாள்கூலிக்கு நேரத்தோடு போக வேண்டிய ஜீப்புக்கு வழிவிட்டு ஒதுங்குவது சைக்கிள் ஓட்டுபவரின் கடமை. மலைச்சாலையில் ஏறும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. எனினும் பேருந்துக்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால், வளைவுக்கு முன்பே நின்று அதை விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

யானைக்கு மாநில எல்லை கிடையாது. சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு 2023 ஏப்ரல் இறுதியில் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் தொடக்கத்தில் தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. சின்னாறு, ஆனையிறங்கல், மேகமலைச் சாலைகளில் யானையைக் கண்டால் தொலைவிலேயே நின்று, அது கடந்துபோகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சைக்கிள் ஓசையின்றி வருவதால் யானைக்கும் அது திடீரென்றுதான் தெரியும்.

தோட்டத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும் பழம் பறிப்பதும் கூடாது. திராட்சைக்கு அடிக்கடி மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. தெளிப்பான் ஓடும் தோட்டத்தைக் கடக்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது ஓயும்வரை நிற்பது நுரையீரலுக்கு நல்லது. சாலையோரம் விற்கும் பழத்தையும் கழுவியே தின்ன வேண்டும்.

தேவைகள்

தென்னிந்திய மலைகளில் திட்டமிட்ட நெடுந்தூர சைக்கிள் பயணம் பெரும்பாலும் நீலகிரியைச் சுற்றியே வளர்ந்தது. டூர் ஆஃப் நீலகிரீஸ் 2008இல் தொடங்கியது. பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் விதிப்படி நடக்கும் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300 கிலோமீட்டருக்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. போட்டியல்லாத இத்தகைய ஓட்டங்களுக்கு கம்பம் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான களம் குறைவு.

அதற்கு வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பிரான்சின் மலைச்சாலைகளில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உச்சிக்கு மிச்சமுள்ள தூரமும் அடுத்த கிலோமீட்டரின் சரிவும் எழுதிய கல் நிற்கிறது. மேகமலை வளைவுகளுக்குப் பூக்களின் பெயர்ப்பலகை வைத்த நெடுஞ்சாலைத் துறைக்கு, போடிமெட்டின் 17 வளைவுகளிலும் உயரத்தையும் தூரத்தையும் எழுதுவது கடினமான வேலை அல்ல. முந்தலிலும் லோயர் கேம்ப்பிலும் குடிநீரும் கழிப்பறையும், போடி ரயில் நிலையத்தில் சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும், அகலப்படுத்தும் சாலைகளில் விளிம்புக்கோட்டுக்கு வெளியே ஒரு மீட்டர் தாரும் வேண்டும். இவை வந்தால் பயன்பெறுவோரில் வெளியூர்ப் பயணிகள் சிறுபகுதியே. பள்ளிக்கும் தோட்டத்துக்கும் அன்றாடம் சைக்கிளில் போகும் பள்ளத்தாக்கு மக்களுக்கே அவை முதலில் உதவும். இரு மாநில நெடுஞ்சாலைத் துறைகளும் வனத்துறைகளும் மெட்டுச் சாலைகளை வாகனங்களின் கணக்கில் மட்டும் பார்க்காமல், நடப்பவரையும் மிதிப்பவரையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.